ஓடும் இரயிலும் ஓயாத பராமரிப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

மனித உடலுக்கு இரத்த ஓட்டம் எப்படியோ, பெருநகரத்திற்கு இரயில் ஓட்டம் அப்படி. காலை எட்டு மணிக்கு வரவேண்டிய மின்சார இரயில் அரைமணி நேரம் வராமற் போனால் அலுவலகங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கல்லூரியில் முதல் வகுப்பு பாதிப் பேருடன் நடக்கிறது. மருத்துவமனைக்குப் புறப்பட்டவர் நடைமேடையிலேயே அமர்ந்துவிடுகிறார். ஆனால் அதே இரயில் நாள்தோறும் நேரத்திற்கு வந்து போகும்போது அதைப் பற்றி நாம் ஒரு கணமும் சிந்திப்பதில்லை.

உலகின் நகர இரயில்கள் பலவற்றிற்கு இன்று வயது முதிர்ந்துவிட்டது. இலண்டனில் நிலத்தடி இரயில் 1863-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிற்று. நியூயார்க்கின் சுரங்க இரயில் 1904-இலும், நம் சென்னையின் கடற்கரை-தாம்பரம் மின்சார இரயில் 1931-இலும் தொடங்கின. மனிதன் முதுமையடைந்தால் ஓய்வு பெறலாம். இருப்புப்பாதைக்கு ஓய்வு கிடையாது. முதுமையோடு முதுமையாக அது நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்களைச் சுமந்தாக வேண்டும். அதை நம்பி ஏறும்படியாக வைத்திருப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தந்தையார் இருப்புப்பாதையில் கீமேனாகப் பணிபுரிபவர். சுத்தியல், ஸ்பேனர், சிவப்பு பச்சைக் கொடிகளுடன் ஐந்தாறு கிலோமீட்டர் தண்டவாளத்தை நாள்தோறும் நடந்தே பார்த்து, தளர்ந்ததை இறுக்கி, கழன்றதை மாட்டிவிட்டு வருவது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியது நான்தான் முதல். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'இரயில்வே ஊழியர்' என்று மட்டும் எழுதினேன். 'கீமேன்' என்று எழுதக் கை வரவில்லை. சென்ற பருவத்தில் எங்கள் துறையின் இயற்பியல் மன்றத்தில் 'நம்பகத்தன்மை' என்னும் தலைப்பில் உரையாற்றும்படி பேராசிரியர் பணித்தார். எடுத்துக்காட்டுத் தேடியபோது நியூயார்க் இரயிலின் வரலாறு கிடைத்தது. வளர்ந்து, வீழ்ந்து, எழுந்து, மீண்டும் தடுமாறிய வரலாறு அது. அதைப் படித்த பிறகே என் தந்தையாரின் வேலை எனக்கு விளங்கிற்று.

ஒரு சிறு கணக்கு

முதலில் நாம் வகுப்பில் கற்ற நிகழ்தகவைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அமைப்பில் 1,000 பாகங்கள் உள்ளன. அவை சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஒன்று அறுந்தாலும் அமைப்பு நின்றுவிடும். ஒவ்வொரு பாகமும் இன்று பழுதின்றி இயங்குவதற்கான நிகழ்தகவு 0.999 என்க. அதாவது ஆயிரம் நாட்களில் ஒரு நாள்தான் அது பழுதாகும். கேட்பதற்கு மிக நல்ல பாகம்தான்! ஒன்றின் பழுது மற்றொன்றைச் சாராது என்று கொண்டால், முழு அமைப்பும் இன்று ஒழுங்காக ஓடுவதற்கான நிகழ்தகவைக் காண 0.999 என்ற எண்ணை ஆயிரம் முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.37. நூறு நாட்களில் அறுபத்து மூன்று நாட்கள் எங்கேனும் ஒரு பழுது இருந்தே தீரும் என்பது இதன் பொருள்.

இனி ஒவ்வொரு பாகத்தையும் சற்றே கவனித்துப் பேணி 0.999 என்பதை 0.9999 ஆக்குவோம். விடை 0.90 ஆகிவிடுகிறது. நூற்றுக்கு முப்பத்தேழு நல்ல நாட்கள் தொண்ணூறாக உயர்ந்துவிட்டன. பாகங்களின் தரத்தில் கண்ணுக்கே தெரியாத மாற்றம். பயணியின் வாழ்விலோ பெரிய மாற்றம். பராமரிப்பு என்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை நாள்தோறும் செய்துகொண்டிருப்பதுதான்.

எல்லாப் பாகங்களும் சங்கிலிக் கண்ணிகளைப் போன்றவை அல்ல. நம் இருப்புப்பாதையில் தண்டவாளத்தைச் சிலிப்பருடன் பிணைக்கும் கிளிப்புகளை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 1,660 சிலிப்பர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கிளிப்புகள் என்று கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டரில் 6,640 கிளிப்புகள் வருகின்றன. இவற்றுள் ஒன்று கழன்றுவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடாது. அதன் சுமையை அண்டையில் உள்ளவை தாங்கிக்கொள்ளும். இரண்டு கழன்றாலும் தாங்கும். இது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இதில்தான் ஒரு மயக்கம் இருக்கிறது. அண்டையில் உள்ளவை தாங்குவதால் பழுது வெளியே தெரிவதில்லை. தெரியாமையால் அது சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு நாள் தாங்க ஆள் இல்லாமற் போகிறது. பராமரிப்பைக் குறைத்தால் முதல் ஆண்டில் ஒன்றும் நேராது. இரண்டாம் ஆண்டிலும் நேராது. 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லி மேலும் குறைக்கலாம். நியூயார்க்கில் நடந்தது இதுவே.

ஐந்து சென்ட் கட்டணம்

நியூயார்க்கின் சுரங்க இரயில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. கட்டணம் ஐந்து சென்ட். இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன; கூலியும் நிலக்கரி விலையும் எஃகு விலையும் ஏறின; இரயில் கட்டணம் மட்டும் 1948-ஆம் ஆண்டு வரை அதே ஐந்து சென்டாகவே நின்றது. ஏழைத் தொழிலாளிக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணத்தை உயர்த்த மனமில்லாத ஆட்சியாளர்கள் அந்தக் குறையை வேறு வழியில் ஈடுசெய்யவும் இல்லை. பாதையை நடத்திவந்த தனியார் நிறுவனங்கள் நொடித்தன. 1940-இல் நகராட்சி அவற்றை வாங்கித் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இந்த இரயிலுக்கு இன்னொரு தனிச் சிறப்பும் உண்டு. அது இரவு பகலாக ஓடுவது. 472 நிலையங்கள் கொண்ட அப்பெரிய அமைப்பு நள்ளிரவிலும் முழுவதுமாக அடங்குவதில்லை. ஆகவே பழுது பார்ப்பவர்களுக்கு வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட நேரமே கிடைக்கும். நீண்ட பணி என்றால் ஒரு தடத்தை மூடி, வண்டிகளை வேறு தடத்தில் திருப்பிவிட வேண்டும். போதாததற்கு நிலத்தடி நீர் வேறு. மழையே பெய்யாத நாளிலும் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் காலன் நீரை அந்தச் சுரங்கங்களிலிருந்து பம்புகள் வெளியேற்றியாக வேண்டும். பம்பு நின்றால் இரயிலும் நின்றுவிடும்.

1975-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தது. செலவைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது? வண்டியை நிறுத்தினால் மக்கள் மறுநாளே கேட்பார்கள். பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் கேட்க ஆளில்லை. எனவே அது தள்ளிப்போடப்பட்டது.

கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் சில ஆண்டுகளில் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெட்டி சராசரியாக 7,000 மைல் ஓடுவதற்குள் ஒரு முறை பழுதாயிற்று. பாதை கெட்டுப்போன நூற்றுக்கணக்கான இடங்களில் வண்டிகள் மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்து சென்றன. கதவுகள் திறக்கவில்லை, விளக்குகள் எரியவில்லை, பெட்டிகளில் தீப்பிடித்தது. உள்ளும் புறமும் ஒரு விரற்கடை இடம் விடாமல் கிறுக்கல்கள். மக்கள் இரயிலில் ஏறவே அஞ்சினர்.

எழுச்சி

வீழ்ந்ததை எழுப்பிய முறை நம் கவனத்திற்குரியது. போக்குவரத்து ஆணையத்தின் தலைவராக இருந்த ரிச்சர்டு ராவிட்ச் என்பவர் இரயிலின் உண்மை நிலையை மூடி மறைக்காமல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பயனாக 1982 முதல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தீட்டிப் பெட்டிகள், தண்டவாளம், பணிமனைகள் ஆகியவற்றிற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கும் வழக்கம் பிறந்தது. 1984-இல் இரயிலை நடத்தும் பொறுப்பை ஏற்ற டேவிட் கன் என்பவர் ஒரு விதி செய்தார். ஒரு பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டால் பிறகு அது கிறுக்கலோடு ஓடக்கூடாது. மறுபடியும் யாரேனும் கிறுக்கினால் சுத்தமாக்கிய பிறகே பாதைக்கு வர வேண்டும். 1989-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் கிறுக்கல் நிறைந்த கடைசிப் பெட்டி பணியிலிருந்து நீக்கப்பட்டது.

கிறுக்கலுக்கும் நம்பகத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்க்கிறார் என்பதற்கு அதுவே சான்று. பார்க்கப்படும் பொருளில்தான் சிறு பழுதுகள் அகப்படும். இதைவிட முக்கியமானது மற்றொரு மாற்றம். பாகம் கெட்ட பிறகு மாற்றுவது என்ற பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பாகத்திற்கும் ஓர் ஆயுட்காலம் வகுத்து, கெடுவதற்கு முன்பே மாற்றும் முறையைக் கொண்டுவந்தனர். 'இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?' என்று கேட்பவருக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் 7,000 மைலுக்குள் ஒரு பழுது என்றிருந்த நிலை மாறி, 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் 1,50,000 மைலுக்கு மேல் ஓடினால்தான் ஒரு பழுது என்னும் நிலை வந்தது. புதிய பெட்டிகளோடு இந்த முறைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

தண்டவாளமே காவலன்

நகர இரயிலின் உயிர்நாடி சிக்னல். இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்து மகிழ வேண்டிய ஒரு நுட்பம் இதில் அடங்கியுள்ளது. அது தண்டவாள மின்சுற்று எனப்படும். வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1872-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பாதையைச் சிறு சிறு துண்டுகளாக மின்காப்பிட்டுப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டின் ஒரு முனையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்கலம். மறுமுனையில் ஒரு ரிலே. பாதை காலியாக இருந்தால் மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, ரிலேயைக் கடந்து, மறு தண்டவாளத்தின் வழியே திரும்பும். ரிலேயின் மின்காந்தம் அதன் ஆர்மேச்சரைத் தூக்கிப் பிடித்திருக்கும். சிக்னல் பச்சை காட்டும். வண்டி நுழைந்தவுடன் அதன் எஃகுச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் அந்த எளிய வழியே போய்விடுவதால் ரிலேக்குக் கிடைப்பதில்லை. ஆர்மேச்சர் தன் எடையாலேயே கீழே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது.

இதன் அழகைக் கவனியுங்கள். மின்கலம் செத்தாலும் சிவப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்பு. தண்டவாளம் முறிந்து மின்னோட்டம் தடைப்பட்டாலும் சிவப்பு. பழுது நேர்ந்தால் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்பது இதன் தத்துவம். புவியீர்ப்பு ஒருபோதும் பழுதாவதில்லை அல்லவா? ஆகவேதான் பழைய சிக்னல்கள் கெடும்போது பெரும்பாலும் விபத்து நேருவதில்லை, தாமதம் நேருகிறது. நியூயார்க்கில் 1930-களில் பொருத்திய ரிலேக்களும் நெம்புகோல் பொறிகளும் இந்நூற்றாண்டிலும் சில இடங்களில் உழைத்து வந்தன. அவற்றின் உதிரிப் பாகங்களைக் கடையில் வாங்க முடியாததால் இரயில்வேயின் சொந்தப் பணிமனையிலேயே செய்துகொள்ள நேர்ந்தது.

ஆயினும் எந்தத் தத்துவமும் கவனத்திற்கு மாற்றாகாது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் மெட்ரோ இரயில் தொடங்கியது 1976-இல். நியூயார்க்கோடு ஒப்பிட்டால் அது இளையது. 2009-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அங்கே நின்றிருந்த ஓர் இரயிலின் மீது பின்னால் வந்த இரயில் மோதி ஒன்பது பேர் உயிரிழந்தனர். நின்றிருந்த வண்டி தண்டவாள மின்சுற்றுக்குத் தெரியவில்லை. அது மின்கலத்திற்குப் பதிலாகக் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட மின்குறிப்பால் இயங்கும் வகை. கருவிக்குள்ளேயே எழுந்த போலி அலைவு, வண்டி நிற்கும் இடத்தைக் காலி இடம் என்று காட்டிவிட்டது. ஐந்து நாட்களுக்கு முன்புதான் அந்தச் சுற்றில் ஒரு பாகத்தை மாற்றியிருந்தனர். அன்றுமுதலே அது வண்டிகளைத் தவறவிட்டு வந்ததை விசாரணையில் கண்டனர். எச்சரிக்கைக் குறிப்புகள் வாராவாரம் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. அத்தனை வந்ததால் அவை யாரையும் எச்சரிக்கவில்லை. பழுது பார்த்தால் மட்டும் போதாது; பார்த்தது சரியாயிற்றா என்றும் பார்க்க வேண்டும் என்பது இங்கே கிடைக்கும் பாடம்.

அதே நகரில் 2016-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று சுரங்கத்தில் ஒரு மின்வடம் தீப்பிடித்தது. மார்ச் 16 அன்று மெட்ரோ முழுவதையும் ஒரு நாள் நிறுத்திவிட்டு எல்லா மின்வடங்களையும் சோதித்தார்கள். இருபத்தாறு இடங்களில் பழுது கண்டனர். வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தவரை அந்த இருபத்தாறும் யார் கண்ணிலும் படவில்லை.

மீண்டும் அதே தவறு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. வெள்ளம் வடிந்த பின் அணையை மறப்பதும் மனித இயல்பு. நியூயார்க்கிலும் அதுவே நடந்தது. இரயில் நன்றாக ஓடத் தொடங்கியதும் கூட்டம் பெருகிற்று. பராமரிப்பு மீண்டும் பின்தங்கிற்று. 2012 அக்டோபரில் வீசிய சாண்டி புயலில் கடல்நீர் சுரங்கங்களில் புகுந்தது. நீரை இறைத்துவிடலாம், உப்பை இறைக்க முடியாது. மின்வடங்களிலும் காங்கிரீட்டிலும் தங்கிய உப்பு ஆண்டுக்கணக்கில் அரித்தது.

2017 ஜூன் 27-ஆம் நாள் மன்ஹாட்டன் பகுதியில் ஓர் இரயில் தடம் புரண்டு முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். காரணம், மாற்றுவதற்காகக் கொண்டுவந்து பாதையிலேயே வைத்திருந்த தண்டவாளத் துண்டு ஒன்று சரியாக இறுக்கிப் பிணைக்கப்படாமல் கிடந்தது. இரண்டே நாட்களில் அம்மாநில ஆளுநர் இரயிலுக்கு அவசர நிலை அறிவித்தார். 80 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் செயல் திட்டம் வகுக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை இரண்டாம் முறையும் கட்டணம் செலுத்திக் கற்றார்கள்!

இச்செய்தியைப் படித்த அன்று மாலை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எடுத்துட்டுப் போன சாமானை எண்ணணும், திரும்பி வர்றப்போ மறுபடி எண்ணணும். அதான் முதல் பாடம். எனக்கு மேஸ்திரி அதைத்தான் சொல்லிக் கொடுத்தாரு" என்றார்.

சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "அம்மாம் பெரிய ஊர்லேயும் லைனை நடந்துதான் பாக்கறாங்களா?"

"ஆமாம்ப்பா. மெஷின் வெச்சும் பாக்கறாங்க. ஆனா நடந்து பாக்கறதுக்கும் ஆள் இருக்காங்க."

அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. கடல் கடந்து தன் இனத்தார் சிலர் இருப்பதை அறிந்த மகிழ்ச்சி என்றே நினைக்கிறேன்.

நமக்கு என்ன பாடம்?

நம் சென்னையின் மின்சார இரயில் தொடங்கி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறிற்று, பெட்டிகள் மாறின, மின்னழுத்தம் மாறிற்று. அதாவது பழைய இரயில் என்று சொன்னாலும் அதில் 1931-ஆம் ஆண்டின் பாகம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. முதுமையை வெல்லும் வழியும் இதுவே. பகுதி பகுதியாக, இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அமைப்பு மூப்படைவதில்லை. 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ இன்று இளமையோடு மின்னுகிறது. இன்னும் முப்பது ஆண்டுகளில் அது எப்படி இருக்கும் என்பது அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணத்தையும் நேரத்தையும் பொறுத்தது.

புதிய பாதையைத் திறக்க விழா எடுக்கிறோம். நாடா வெட்டுகிறோம்; கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். தளர்ந்த கிளிப்பை இறுக்கியதற்கு விழா இல்லை. இது குறை சொல்வதற்காக அன்று. நடந்த விபத்தை எண்ணலாம். நடக்காத விபத்தை எண்ண முடியாது. எண்ண முடியாததற்குப் பணம் கேட்பதும் கொடுப்பதும் கடினம். பொறியியலிலும் நிருவாகத்திலும் நாளை பணிபுரியப் போகிற நாம்தான் அந்தக் கணக்கைப் போடக் கற்க வேண்டும். எத்தனை வண்டி ஓடியது என்று கேட்பதோடு எத்தனை மைலுக்கு ஒரு முறை பழுதாயிற்று என்றும் கேட்க வேண்டும். பழுதை மறைக்காமல் சொல்பவரைத் தண்டிக்காமல் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இரவில் பாதை அடங்கியிருக்கும் சில மணி நேரத்தைப் பணியாளருக்கு முழுமையாக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்திற்காகக் கடைசி வண்டி சற்று முன்னதாகப் புறப்பட்டால் முணுமுணுக்காமல் இருப்பது நம் பங்கு.

முடிவுரை

நண்பர்களே! நாளை காலை மின்சார இரயிலில் வரும்போது சன்னலோரம் கிடைத்தால் சற்றே வெளியே பாருங்கள். பாதையோரம் ஒதுங்கி, கையில் கொடியும் தோளில் பையுமாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உங்கள் வண்டி கடந்து போகும் வரை அவர் அதன் சக்கரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் முதல் வகுப்பு நேரத்தில் தொடங்குவதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இயற்பியல் மன்றத்தில் என் உரை முடிந்ததும் பேராசிரியர், "இவ்வளவு விவரம் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். நூலகத்தில் பாதி, வீட்டில் பாதி என்றேன். இந்த ஆண்டு கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் வந்தது. அதிலும் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருந்தது. 'கீமேன், இருப்புப்பாதைப் பராமரிப்பு' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். வழக்கம்போல் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்காமல், அன்று அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.